ஓடிவருகிறவர்களுக்கான கைதட்டல்

எங்கள் ஐந்தாவது திருமண நாளுக்காக இரண்டு பேருக்கு எடுத்த கப்பல் பயணம் இது. மார்ச்சில் என் மனைவி ஜெர்னெல் இறந்தாள். பயணப் பதிவிலிருந்து அவள் பெயரை நான் நீக்கவில்லை. அவளுடைய பயண அட்டையையும் என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

காஸ்ட்ரீஸ் துறைமுகத்திலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். கப்பல் வாயிலில் அட்டை பார்க்கும் யுவோன் என்னை நிறுத்தினாள்.

"காலையில இறங்கின உன் பொண்டாட்டி இன்னும் ஏறலையே, தம்பி. விட்டுட்டுப் போயிடலாமா?"

"வேண்டாம். எப்பவும் லேட்டாத்தான் வருவா," என்றேன்.

"நல்லா வாய்ச்சா உனக்கு!"

மேல்தளத்தில் கைதட்டல் எழுந்தது. கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்களுக்கு எல்லோரும் அப்படித்தான் தட்டுவார்கள்.

"ஓடு பொண்ணே! செருப்பைக் கையில எடுத்துட்டு ஓடு!"

என் கண்ணுக்குக் கரையில் யாரும் தென்படவில்லை. நானும் கைதட்டினேன். அவளுடைய அட்டை என் சட்டைப் பையிலேயே இருக்க, அட்டை இயந்திரம் கீச்சென்றது.

யுவோன் சிரித்தாள். "வந்துட்டா மகராசி. ஏறுபாலத்தைத் தூக்குங்கப்பா!"