யானைக்கு விட்ட வழி

"அந்த ஆளை இனிமே மாமான்னு கூப்பிடாதே" என்றான் கணவன்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கார்டு மாமா. தேசியப் பூங்காவின் எல்லையை விரிவாக்க மசோதா வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெருவே திரண்டுபோய் வேண்டாம் என்றது. இவர் ஒருவர்தான் எழுந்து, யானைகள் ஆற்றுக்குப் போக வழியில்லாமல் தவிக்கின்றன, சட்டம் வரட்டும் என்றார்.

அன்றோடு அவரிடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அவளுடைய பயம் மற்றவர்களுடையதைவிடப் பெரிது. காட்டை ஒட்டிய கடைசி இரண்டு வீடுகள் அவளுடையதும் அவருடையதும்தான். யானை வழிக்கு இரண்டில் ஒன்று போயே ஆகவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவள் வயிற்றில் ஏழு மாதம். வீட்டுக்கு வெளிப்பூச்சுகூட இன்னும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார்டு மாமா சர்வேயரோடு வேலியோரம் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கையை நீட்டி இவள் வீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். சர்வேயர் தலையாட்டினார். 

"இத்தனை வருஷம் டிபார்ட்மென்ட்ல இருந்தவரு. தன் வீட்டு மேல கோடு போட விடுவாரா? நம்ம வீட்டைத்தான் கை காட்டியிருப்பாரு" என்றான் கணவன்.

மறுநாளே இரண்டு பேரும் சர்வே ஆபீசுக்குப் போனார்கள். கணவன் மென்று விழுங்கினான். அவள்தான் பேசினாள்.

"அவருக்குப் புள்ளை குட்டி கிடையாது சார். ஒண்டி ஆளு, எங்க வேணும்னாலும் இருந்துக்குவாரு. அவர் வீட்டை எடுத்துக்கோங்க."

சர்வேயர் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை கார்டு மாமா வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டாக்டர்கிட்ட போயிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டார். காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தையலைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பிளவுசுக்கு வெட்டிய துணி இரண்டு தடவை பாழானது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு சட்டை தைக்க நினைப்பாள். எந்த வீட்டில் போட்டுப் பார்ப்பது என்று தோன்றும், எடுத்து வைத்துவிடுவாள்.

சட்டம் நிறைவேறியது. கடைசியில் ஜீப்பும் வந்தே விட்டது. கூடவே சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு ஓர் ஆள். சர்வேயர் அவள் வாசலில் நின்றார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

பிறகு தாண்டிப் போனார். கார்டு மாமா வீட்டுச் சுவரில் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவளுக்கு உயிர் வந்தது. கூடவே இன்னொரு பயமும் வந்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் சர்வேயரிடம் போனாள்.

"சார், நாங்க ஆபீசுக்கு வந்து சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்."

சர்வேயர் டம்ளரை வாங்காமல் அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்லி எதுவும் மாறலைம்மா. முதல்ல கோடு உங்க வீட்டு மேலதான் போச்சு. அந்தப் பொண்ணு மாசமா இருக்கு, என் வீட்டை எடுத்துக்கோங்கன்னு அவரே வந்து எழுதிக் கொடுத்தாரு."

"எப்ப சார்?" என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் வந்த அன்னைக்குத்தான். நீங்க பேசிக்கிட்டிருந்தப்ப உள் ரூம்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தாரு. கதவு திறந்துதான் இருந்துச்சு."