கடையில் உப்பு மட்டும்

தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகத்தான் யாட்விகா அந்தக் கடைக்குள் நுழைந்தாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே வாய் திறந்தாள்.

"தம்பி, வழக்கம்போல வெள்ளரிக்கா ஊறுகா, புளிக்கவச்ச முட்டகோஸு. சீக்கிரம் குடு."

"தீந்துபோச்சேம்மா. லுப்ளின் டவுன்ல இப்ப எல்லாருக்கும் கிராமத்துச் சாப்பாட்டுப் பைத்தியம்."

யாட்விகா காலி அலமாரியை இன்னொருமுறை எட்டிப் பார்த்தாள். இன்று மகன் செவெரினின் நாம விழா, அவன் பெயர் கொண்ட புனிதரின் நாள்; மகன் வீட்டில் விருந்து. வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது?

ஊரில் அவள் வீட்டுப் பெருமை அப்படி. "எல்லாம் நம்ம பண்ணையில விளையுது. கடையில வாங்குறது உப்பு மட்டும்தான்" என்று கணவர் இக்னாட்சி தேவாலய வாசலில் மார்தட்டாத ஞாயிறு கிடையாது. ஆனால் பன்றிகளை விற்றாயிற்று, தோட்டத்தில் களை மண்டிவிட்டது, யாட்விகாவின் முழங்காலோ மடங்க மறுக்கிறது. மார்தட்ட முழங்கால் எதற்கு!

அதைவிடப் பெரிய சிக்கல் மருமகள் காமிலா. கல்யாணமான புதிதில் அவள் கடை ஊறுகாயைப் பரிமாறப்போக, "இதெல்லாம் மனுஷங்க திங்கறதா?" என்று உறவுக்காரர்கள் முன்னால் மானத்தை வாங்கியவள் யாட்விகா. அன்றிலிருந்து வாராவாரம் யாட்விகாவின் 'வீட்டு ஊறுகாய்' ஜாடிகள் மகன் வீட்டுக்குப் போகின்றன. "உங்க கைமணமே தனி அத்தை" என்று காமிலாவும் உருகுவாள். காலி ஜாடியை மட்டும் திருப்பிக் கொடுத்ததே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் "அடுத்த வாரம் அத்தை" என்பாள்.

உண்மை தெரிந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இதைப் போடுறவங்க வீடு எங்க தம்பி? நானே போயி வாங்கிக்கிறேன்."

"எதுக்கும்மா அலையணும்? திங்கக்கெழம வர்றவங்க, இன்னிக்கே கொண்டாறேன்னு போன் பண்ணாங்க. வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்களாம், அலமாரியக் காலி பண்ணணுமாம். இதோ, வந்துட்டாங்களே!"

பெரிய பையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் காமிலா. மாமியாரைக் கண்டதும் பை நழுவி மேசைமேல் உட்கார்ந்தது. போன வாரம் யாட்விகா கொண்டுபோய்க் கொடுத்த ஜாடிகள் அத்தனையும் அதில், மூடிகூடத் திறக்கப்படாமல் இருந்தன.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"நம்பி வாங்குங்கம்மா. இவங்க மாமியார் தன் கையாலயே போட்டது!"