பெயர் வெட்டிய டம்ளர்

தயாளன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். அக்கா ஊரிடம் மாரடைப்பு என்று சொல்லிவிட்டு, அவன் பெயர் வெட்டிய டம்ளரையும் டவராவையும் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டாள்.

"அன்னைக்கும் காபியை மிச்சம் வைக்காமத்தான் குடிச்சான். எனக்கு ஒண்ணும் தோணலையே," என்று டம்ளர் புலம்பிக்கொண்டே இருந்தது.

"ஆத்திக் கொடுத்தது நான். எனக்கும்தான் தோணலை," என்றது டவரா. "அதுக்காக எத்தனை நாள் கவுந்தே கிடப்பே?"

ஒருநாள் விருந்தாளிகள் அதிகம். டம்ளர் பற்றாமல் அக்கா பின்வரிசைக்குள் கையை விட்டு அவன் டம்ளரையும் டவராவையும் எடுத்தாள். காபியை நீட்டும்போதே வந்தவர்களில் ஒருத்தி பெயரைப் படித்துவிட்டு, "யாருங்க தயாளன்?" என்றாள்.

அக்கா டம்ளரைப் பிடித்தபடியே சொன்னாள். "என் தம்பி. தானாவே உயிரை விட்டுட்டான். சர்க்கரை நிறையப் போட்டுக் குடிப்பான்."

கழுவியபின் இரண்டும் முன்வரிசைக்கு வந்தன.

"சுட்டுச்சா?" என்றது டவரா.

"சுட்டுச்சு. அக்கா கைக்கும் சுட்டிருக்கும்," என்றது டம்ளர். "ஆனா என்னைக் கீழே விடலை."