வாத்தியார் வாய் மூடிய நேரம்

கடைசி பெஞ்சில், கேமராவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பறைப் பேச்சை ஆராய்வது அவள் வேலை. கரும்பலகை முன் நிற்பவர் அவள் கணவர். "இந்தப் பிள்ளைங்க வாயே திறக்காதுங்க" என்பது அவர் கட்சி. "கேள்வியும் கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிட்டா அதுங்க எதுக்குத் திறக்கணும்? இன்னிக்கு ஒரு தடவை பொறுத்துப் பாருங்க" என்று காலையிலேயே சொல்லியிருக்கிறாள். பதில் வராவிட்டால் வீட்டில் இனி அவர் கொடிதான் பறக்கும். "ஐஸ் கட்டி ஏன் தண்ணியில மிதக்குது?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். மின்விசிறி முனகுகிறது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல இறங்குகிறது. பதிலைச் சொல்லிவிட அவர் உதடு துடிக்கிறது. அவள் தலையசைக்கிறாள்: வேண்டாம். பிள்ளைகளிடமிருந்தே பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். முன்வரிசை இரட்டைப் பின்னல்காரி, "லேசா இருக்கிறதால சார்" என்கிறாள். அவர் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "ஐஸும் தண்ணிதானடி, அது மட்டும் எப்படி லேசாகும்?" என்கிறாள். இரட்டைப் பின்னல் சண்டைக்குத் தயாராகத் திரும்பி உட்கார, பெஞ்சுகள் கிரீச்சிடுகின்றன. நாலாபுறமும் குரல்கள் கிளம்புகின்றன. கரும்பலகைப் பக்கம் யாருமே பார்க்கவில்லை. வேலையிழந்த வாத்தியார் மேசை விளிம்பில் மெதுவாகச் சாய்ந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக மனைவியைப் பார்க்கிறார். இப்போதாவது பேசலாமா என்று புருவத்தை உயர்த்திக் கேட்கிறார். கேட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, அவள் பதிலுக்குக் காத்திருக்கிறார்.