நீங்க வந்தாத்தான் முடியும்

“ஒரு சீன்ல மாட்டிக்கிட்டேன். நீங்க வந்தாத்தான் முடியும்” என்று மனைவி போனில் சொன்னதும், பத்து வருஷமாக யாரும் கூப்பிடாத அந்த டைரக்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மனைவி நான்கு விருது வாங்கிய நடிகை. இப்போது தன் மூன்றாவது படத்தை இயக்கிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் இரண்டிலும் குறை சொல்லியிருந்தார்.

செட்டில் மேக்கப்போடு உட்கார்ந்திருந்த கதாநாயகன் மரியாதையாக எழுந்தான். அவர் கண்டுகொள்ளவில்லை. நேராக மனைவியிடம் போய் விரலை ஆட்டினார்.

“என்னமோ கிழிக்கப் போறேன்னு கிளம்பினியே! கண்ணை உருட்டி நாலு கைதட்டல் வாங்கிட்டா டைரக்டரா? எங்க நிக்கணும்னுகூட நான்தானே தரையில கோடு போட்டுக் காட்டினேன்?”

“அப்புறம்?” என்றாள் பணிவாக.

“அப்புறமென்ன? விருது குடுத்தவன் எவனும் உன் படத்தைப் பாத்திருக்க மாட்டான். என் பொண்டாட்டியாச்சேன்னு குடுத்திருப்பான். எழுந்திரு, நாற்காலியை விடு!”

அவள் கதாநாயகன் பக்கம் திரும்பினாள்.

“நல்லாப் பாத்துக்கிட்டீங்களா தம்பி? காலையிலேர்ந்து பதினாலு டேக் போச்சு. பொண்டாட்டியை மட்டம் தட்டுற புருஷனோட எகத்தாளம் உங்களுக்கு வரவே இல்லை. இப்ப இதை அப்படியே பண்ணுங்க. அந்த விரலை மறந்துடாதீங்க.”

தூக்கிய விரலோடு நின்ற கணவரைப் பார்த்தாள்.

“ரொம்ப நன்றிங்க. நாலு விருது வாங்கியும் எனக்கு இதை நடிச்சுக் காட்ட வரலை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேமராவை மறைக்கிறீங்க.”