மறுபடியும் வந்தவள்

மதிய வேளையில் மறுபடியும் வந்து நின்ற சாம்பியனை ஜிம் வாசலிலேயே மறித்தார் மாஸ்டர்.

"காலையிலதானே பயிற்சி பண்ணிட்டுப் போன? ஒருநாளைக்கு ஒரு தடவைதான்னு டாக்டர் சொல்லலையா?"

"அஞ்சே நிமிஷம் மாஸ்டர்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பட்டினி கிடந்து பயிற்சி பண்ணி, கோப்பையோட மேடையிலயே மயங்கி விழுந்தவதானே நீ. உள்ள விட்டா உங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"அப்ப நீங்களே எடுத்துட்டு வாங்க. லாக்கர்ல சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன்." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "பசிக்குது."

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தொந்தி குலுங்க உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

"இது என்னோடது. பத்தலைன்னா இதையும் எடுத்துக்கோ."