சுயமாக

பிரிசில்லா தட்டைத் தொடவில்லை.

இரண்டு இட்லி. ஓரத்தில் தேங்காய்ச் சட்னி. பத்து வயதுப் பிள்ளை. பதினோரு மணிப் பசி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அவளுடைய டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

டீச்சருக்குச் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சியின் கடைசிச் செய்முறைத் தேர்வு. பிள்ளை தானாகச் சாப்பிட வேண்டும். தொடக் கூடாது. சொல்லக் கூடாது. பத்து நிமிடம். தேறினால் சான்றிதழ்.

பயம் ஒன்றும் இல்லை. மூன்று மாதமாகத் தினமும் நடப்பதுதான். பதிவேட்டில் நாள் தவறாமல் ஒரே வார்த்தை, அவளுடைய குண்டுக் கையெழுத்தில்.

சுயமாக.

பிரிசில்லாவின் கை இட்லியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கண்கள் மேலே வந்தன.

அடுத்த நொடி விரல்கள் இட்லியைப் பிய்த்தன.

அப்பாடா.

பக்கத்தில் இருந்த தேர்வாளர் பேனாவை மூடினார். திருநெல்வேலிக்காரர். தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், பிள்ள தட்டப் பாக்கல. ஒங்க தலையத்தான் பாக்கா."

"என் தலையவா சார்?"

"ஆமாஞ்சாமி மாதிரி ஆட்டுனீங்கல்லா. ஆட்டுனது ஒங்களுக்கே தெரியல."

அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"சரி, இன்னொரு தடவ பாப்போம். நீங்க அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். முகத்துக்கு நேரே சுவர். பச்சை வர்ணம்.

முதுகுக்குப் பின்னால் தட்டை மறுபடி வைக்கும் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஒரு நிமிடம்.

இரண்டு.

மூன்றாவது நிமிடத்தில் சுவரில் எட்வின் வந்து உட்கார்ந்தான்.

அவளுடைய தம்பி. நினைவில் எப்போதும் இப்படித்தான் வருவான். சம்மணம் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, முன்னால் ஒரு தட்டோடு.

எட்வினுக்குப் பேச்சு வராது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைச் சோற்றை அள்ளிவிடுவான். அம்மா கூனிக் குறுகிப்போவாள். அதனால் அவள்தான் பழக்கினாள், தன் பதிமூன்று வயதில். 'சாப்பிடு' என்று யாராவது சொல்லும்வரை கை மடியில். மீறினால் தட்டு பறிபோகும். ஒரே மாதம்.

அடுத்த கல்யாணத்தில் பந்தியே கை கழுவ எழுந்தபோதும் எட்வின் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லவில்லையே.

"ஏட்டி, கெட்டிக்காரிட்டி நீ" என்றார் மாமா. அவள் பூரித்துப்போனாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மதுரைக்குப் போனாள். வீட்டில் அம்மாவும் எட்வினும் மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தட்டில் சோறு போட்டுவிட்டுக் குழம்பு எடுக்க அடுப்படிக்குப் போன அம்மா அங்கேயே விழுந்தாள். எழவில்லை.

திங்கட்கிழமைதான் கதவை உடைத்தார்கள்.

எட்வின் தட்டின் முன்னால் இருந்தான். கை மடியில். சோறு பூஞ்சை பிடித்திருந்தது. மூன்று நாளாகத் தண்ணீரும் இல்லை. உயிர் ஆஸ்பத்திரி வாசல்வரைதான் தாங்கியது.

"பாசத்தப் பாரேன். அம்மா போனதும் பிள்ளைக்குச் சோறு எறங்கலியே" என்று ஊரே அழுதது.

அவள் எதையும் திருத்தவில்லை. அழுதாள். காரியம் முடிந்த மறுமாதம் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள்.

இன்னொரு எட்வின் இருக்கக் கூடாது என்றுதான் வந்தாள்.

வந்து, மூன்று மாதம் தினமும் தலையாட்டியிருக்கிறாள்.

பிரிசில்லாவுக்கும் அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கும் இதயத்தில் கோளாறு. சேர்க்கும்போதே சொன்னாள்.

"ஒம்பது நிமிசம், டீச்சர்."

பின்னால் அசைவே இல்லை. பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. அந்தக் கண்கள் தன் பின்னந்தலையில் ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"பத்து."

பேனாவைத் திறந்தார்.

"சொல்லிருங்க டீச்சர். பசிச்ச பிள்ள. நா 'உதவியுடன்'னு போடுதேன். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பிள்ளை சாப்பிடும்.

சொன்னால்தான் சாப்பிடும்.

மாட்டேன் என்று தலையை ஆட்டக்கூட முடியாது. இரண்டு கையாலும் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போட்டுக்கிடுங்க சார். நா இருக்கேன்."

பேனா கிறுக்கும் சத்தம். சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று.

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது.

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வகுப்பில் யாரோ கைதட்டிப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். முடித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள்.

எவர்சில்வர் தட்டு பெஞ்சில் லேசாக உராய்ந்தது.



மெல்லும் சத்தம்.

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பியது. அவசரமாக உள்ளே வந்தது.

"டீச்சர்! பிள்ள சாப்பிட ஆரம்பிச்சிட்டா. யாருமே சொல்லல. திரும்பிப் பாருங்க டீச்சர்!"

அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "இன்னும் ஒரு ஆளு சாப்பிடல."